கடைசி வரி

தூவானமலையில் பனிமூட்டமாய் மஞ்சு இறங்கிவிட்டால் ஏறுகிறவருக்குத் தம் கால் தமக்கே தெரியாது. அடுத்த படி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் ஏற வேண்டும். அப்படி ஒரு காலையில் நாவுக்கரசு தட்டுத் தடுமாறி மேலே வந்து சேர்ந்தார்.

நாவுக்கரசுக்கு அறுபது கடந்துவிட்டது. கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கவிதை என்றால் உயிர். வாட்ஸ்அப்பில் ‘கவிதைக் கேணி’ என்று ஒரு குழு நடத்துகிறார். தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர் அதில் இருக்கிறார்கள். அட்மின் அவர் ஒருவர்தான், அந்தப் பதவியை யாருக்கும் பங்கு போட்டுக் கொடுத்ததில்லை.

மலைமேல் குடில் போட்டிருக்கும் பவளம்மை அவருக்குக் குரு. குரு சீடரைவிடப் பல வயது இளையவர். பார்க்கிறவர்களுக்குத்தான் இது வேடிக்கை. அவர்கள் இருவரும் அதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. மலைக்கு வருமுன் பவளம்மை என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால் எடுத்துப் பேசுகிற அறையில் வேலை பார்த்தவர் என்பார்கள் சிலர். அவரிடமே கேட்டால், “அதுவும்தான்” என்பார்.

குடில் வாசலில் பவளம்மையின் குரல் முதலில் வந்தது. ஆள் பிறகுதான் தெரிந்தார்.

“வாங்க. சாப்பிட்டீங்களா?”

“ஆச்சும்மா.”

“என்ன சாப்பிட்டீங்க?”

நாவுக்கரசு ஒரு கணம் விழித்தார். சாப்பிட்டீங்களா என்று ஊரே கேட்கும். என்ன சாப்பிட்டீங்க என்று யார் கேட்கிறார்கள்.

“பஸ் ஸ்டாண்டுல ரெண்டு இட்லி.”

“சட்னி எப்படி இருந்துச்சு?”

“ஊசிப்போயிருந்துச்சும்மா. தொடல.”

“அப்ப வெறும் இட்லியா. ஏறி வந்த களைப்புக்கு அது எந்த மூலைக்கு?”

உள்ளே போய்க் கஞ்சியும் சுட்ட அப்பளமும் கொண்டுவந்து வைத்தார். நாவுக்கரசு குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார், வேறு வேலை பார்க்கவில்லை.

“அம்மா, ஒரு கேள்வியோட வந்திருக்கேன்.”

“கேளுங்க.”

“சோம்பேறிகளை எப்படித் திருத்துறது?”

“எந்தச் சோம்பேறி?”

“என் கேணியில இருக்கிற தொள்ளாயிரம் பேரும்.”

பவளம்மை அப்பளத் துண்டு ஒன்றை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டார். “என்ன செய்யுறாங்க?”

“ஒண்ணும் செய்யுறதில்ல. அருமைன்னு எழுதுறாங்க.”

“அருமைன்னா?”

“அவ்வளவுதான்மா. அருமை. ஒருத்தர் பதினாறு வரி எழுதிப் போட்டா, அதைப் படிச்சு முடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது, நாப்பது அருமை வந்து விழுந்திடும். ஒருநாள் சோதிச்சுப் பார்க்கலாம்னு கரண்ட் கம்பத்துல ஒட்டியிருந்த மின்தடை அறிவிப்பை மடக்கி மடக்கி எழுதிப் போட்டேன். ‘இருளின் வலி, அருமை’ன்னு வந்துச்சு.”

பவளம்மை வாய்விட்டுச் சிரித்தார். நாவுக்கரசு சிரிக்கவில்லை.

“விதி போட்டேன். யாரும் அருமைன்னு எழுதக் கூடாது. மறுநாள்லேர்ந்து எல்லாரும் அற்புதம். அதையும் தடுத்தேன். கைதட்டுற பொம்மை வர ஆரம்பிச்சுது. பொம்மையும் கூடாது, பத்து வார்த்தைக்குக் குறையாம எழுதணும்னு சொன்னேன். ஒருத்தர் அருமையையே பத்து தடவை எழுதிட்டார். எண்ணிப் பார்த்தா சரியா இருக்கு. நான் என்ன பண்ண?”

“என்ன பண்ணலாம்னு இருக்கீங்க?”

“எல்லாரையும் நீக்கிட்டுக் கேணியை மூடிடலாம்னு இருக்கேன். இல்லேன்னா அவங்களைத் திருத்த நீங்க ஒரு வழி சொல்லுங்க.”

மஞ்சு வாசலைத் தாண்டி உள்ளே வந்து அடுப்படி வரைக்கும் போயிற்று. கஞ்சிச் சட்டி மறைந்து, பிறகு மெல்லத் தெரிந்தது.

“இந்த அருமை எத்தனை நாளா வருது?” என்றார் பவளம்மை.

“குழு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து.”

“கோபம் எத்தனை நாளா வருது?”

நாவுக்கரசு அப்பள நொறுக்கை விரலால் ஒதுக்கினார். கேள்வி எங்கே போய்த் தொட்டது என்பது அவருக்குத் தெரியும். அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் இவ்வளவு நேரமும் பேசியிருந்தார்.

“ஒரு அம்மா இருக்காங்க. நீலாயதாட்சின்னு பேரு. கொள்ளிடக் கரையோரம் ஏதோ ஊர். அதிகமா எழுத மாட்டாங்க. இந்த ஐப்பசியில ஒரு சாயங்காலம் நாலு வரி போட்டாங்க.”

“சொல்லுங்க.”

அவருக்கு அது மனப்பாடமாகியிருந்தது. குரலை உயர்த்தாமல் சொன்னார்.

“கதவு திறக்கவில்லை
தண்ணீர் படி ஏறுகிறது
விளக்கு போய்விட்டது
யாராவது இருக்கிறீர்களா.”

பவளம்மை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்த பிறகும் திறக்கவில்லை.

“அருமை வந்துச்சா?”

“குவிஞ்சுதும்மா. தண்ணீர்ங்கிறது காலம்னு ஒருத்தர் எழுதினார். இல்ல, அது முதுமைன்னு இன்னொருத்தர். ரெண்டு பேரும் அதுக்குச் சண்டை வேற போட்டாங்க.”

“நீங்க என்ன எழுதினீங்க?”

நாவுக்கரசு கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து, காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“நான் வெறுமனே அருமைன்னு எழுதலம்மா. அருமை அம்மா, கடைசி வரி நெஞ்சைத் தொட்டதுன்னு எழுதினேன்.”

“தொட்டுச்சா?”

“தொட்டுச்சும்மா. நிஜமாவே தொட்டுச்சு.”

“தொட்டதும் என்ன செஞ்சீங்க?”

“சான்றிதழ் குடுத்தேன்.”

கேணியில் வாரம் ஒருவருக்குக் ‘கவிச்சுடர்’ பட்டம் உண்டு. சுற்றிலும் தாமரைப் பூ, மேலே குத்துவிளக்கு, நடுவில் வட்டத்துக்குள் கவிஞரின் படம், கீழே நாவுக்கரசின் கையெழுத்து. எல்லாம் போனிலேயே செய்துவிடலாம். அந்த வாரம் அந்த வட்டத்துக்குள் நீலாயதாட்சி அம்மாள் பாஸ்போர்ட் படத்து விழியோடு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டம் வாங்கியவர்கள் உடனே நன்றி சொல்வது வழக்கம். சிலர் உறவினர் சார்பிலும் சொல்வார்கள். நீலாயதாட்சி சொல்லவில்லை. நாவுக்கரசுக்கு மனத்தாங்கல். கொடுத்த மரியாதைக்கு ஒரு வார்த்தை உண்டா என்று வீட்டில் கூடப் புலம்பினார். பிறகொரு நாள் டீக்கடையில் போண்டா மடித்துக் கொடுத்த பழைய பேப்பரில் அந்த ஊரின் பெயரைப் பார்த்தார். கரை உடைந்தது, தண்ணீர் புகுந்தது என்று போட்டிருந்தது. என்றைக்கு என்றும் போட்டிருந்தது. போண்டாவை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

“அன்னிக்குத்தான்மா கோபம் வந்துச்சு. தொள்ளாயிரம் பேர் இருக்கோம். ஒருத்தருக்குக்கூடத் தோணலியே.”

“அந்தம்மாவுக்குப் போன் பண்ணீங்களா?”

“இல்ல.”

“மெசேஜ்?”

“இல்லம்மா.”

“நம்பர் இருக்குல்ல?”

“இருக்கு.”

“அப்புறம்?”

நாவுக்கரசு வெளியே பார்த்தார். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை.

“பதில் வரலேன்னா என்னம்மா பண்ணுவேன்?”

இவ்வளவு நேரமும் மேடைப் பேச்சு மாதிரி வந்த குரல் இந்த இடத்தில் ஒடுங்கிப் போயிற்று. சொன்னது அவருக்கே கேட்டிருக்குமா என்பது சந்தேகம்தான். பாவம், மனிதர் பயந்துபோயிருந்தார்.

பவளம்மை எழுந்தார். பாய் ஒன்றை விரித்துத் தலையணையைத் தட்டிப் போட்டார். “கொஞ்ச நேரம் படுங்க. ஏறி வந்த உடம்பு.”

படுத்ததும் தூங்கிவிட்டார் நாவுக்கரசு. தூக்கத்திலும் மஞ்சு இருந்தது. அதற்குள் ஒரு கேணி. கைப்பிடிச் சுவரைச் சுற்றி நிறையப் பேர், கல்யாண வீட்டு வரிசை மாதிரி, ஒருவர் தோளை ஒருவர் இடிக்காமல் நின்றார்கள். எல்லார் கையிலும் பூ. ஒவ்வொருவராக வந்து, கேணிக்குள் பூவைப் போட்டுவிட்டு, திருப்தியோடு நகர்ந்தார்கள். உள்ளிருந்து ஏதோ சத்தம் வந்தபடி இருந்தது. என்ன நல்ல குரல் என்று வரிசையில் யாரோ சொன்னார்கள். ஆமாம் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். நாவுக்கரசின் முறை வந்தது. அவர் கையிலும் ஒரு பூ இருந்தது, மற்றவர்களுடையதைவிடப் பெரிய பூ. போட்டார். தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்கவில்லை. தண்ணீர் தெரியாதபடி பூ நிரம்பியிருந்தது.

விழித்தபோது பவளம்மை பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நாவுக்கரசு கனவைச் சொன்னார்.

“உள்ள யாரு?” என்று கேட்டார் பவளம்மை.

“தெரியலம்மா.”

“எட்டிப் பார்க்கலியா?”

“பூ போட்டேன்.”

பவளம்மை கீரைக் கட்டை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார். “வாங்க, டவர் பாறைக்குப் போகலாம்.”

தூவானமலையில் ஒரே ஒரு இடத்தில்தான் டவர் கிடைக்கும். குடிலுக்குப் பின்னால் கொஞ்சம் ஏறினால் ஒரு வழுக்குப் பாறை. அதன் தென்கோடியில் உட்கார்ந்தால் கிடைக்கும், எழுந்து நின்றால் போய்விடும். இருவரும் மஞ்சுக்குள் கையை நீட்டிப் பாறையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்கள். கீழே ஊர் இல்லை, மேலே வானம் இல்லை. நாவுக்கரசு போனை எடுத்தார். அதன் வெளிச்சம் மஞ்சில் ஒரு முழம் போய் நின்றுவிட்டது.

வெகுநேரம் எழுதினார். எழுத எழுத அவருக்கே கொஞ்சம் தெம்பு வந்தது. எழுதியதைக் குருவுக்குப் படித்துக் காட்டினார்.

“சொல்லின் செல்வியே. பொன்னி நாட்டின் புதல்வியே. தங்கள் வரிகளின் ஆழம் அறியாப் பேதையாய், கரையில் நின்று கைதட்டிய இக்கயவனைத் தங்கள் கருணை வெள்ளத்தில்...”

வெள்ளம் என்ற இடத்தில் தாமே நிறுத்திக்கொண்டார்.

“நல்லா எழுதியிருக்கீங்க” என்றார் பவளம்மை. “இதுல அந்தம்மா எங்க இருக்காங்க?”

“முதல் வரியிலயே கூப்பிட்டிருக்கேனேம்மா.”

“கூப்பிட்டிருக்கீங்க. அவங்க பேச எங்க இடம் விட்டிருக்கீங்க?”

நாவுக்கரசு விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். முழுக்க அவரே இருந்தார். அழிக்க ஆரம்பித்தார். ‘பேதையாய்’ வந்தபோது விரல் சற்று நின்றது. நல்ல சொல். அதையும் அழித்தார்.

கட்டம் காலியாயிற்று. பிறகு இரண்டே சொல் எழுதினார்.

‘கதவு திறந்ததா?’

அனுப்பினார். ஒற்றை டிக் விழுந்தது.

“ஒண்ணுதான் விழுந்திருக்கு. போய்ச் சேரலம்மா.”

“சேரட்டும்.”

“போன் அணைஞ்சிருந்தா ஒண்ணுதான் விழும். போன் இல்லேன்னாலும் ஒண்ணுதான். ஆள்...”

“கீழ வச்சுக்கிட்டுப் பாருங்க.”

போனை மடியில் வைத்துக்கொண்டார். ஏதோ ஒரு குருவி மஞ்சுக்குள் விசிலடித்துக்கொண்டே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போயிற்று. பாறை ஈரமாயிற்று, வேட்டி ஈரமாயிற்று. காலையா மாலையா என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம் அப்படியே நின்றது. நாவுக்கரசுக்கு அழுகை வந்தது. அழுதார். பவளம்மை அவரைத் தேற்றவில்லை, எழுந்தும் போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது டிக் விழுந்தது. டிக் இரண்டும் நீலமாயின.

பதில் வந்தது.

‘யாருங்க கேக்குறது? புது போன். பழைய போன்ல பதிஞ்சு வச்ச பேரெல்லாம் தண்ணியில போயிடுச்சு.’

நாவுக்கரசு போனைக் குருவுக்குக் காட்டினார்.

“கேக்குறாங்கல்ல, சொல்லுங்க” என்றார் பவளம்மை.

‘நாவுக்கரசு. கவிதைக் கேணி’ என்று எழுதினார். அட்மின் என்று சேர்க்கவில்லை.

நீலாயதாட்சி எழுதிக்கொண்டிருப்பதாகப் போன் காட்டியது. ஒவ்வொரு வரியாக வந்து விழுந்தது. வரிக்கு வரி நிறுத்தி அனுப்புவது அந்த அம்மாளின் பழக்கம் போலிருக்கிறது.

‘கதவு திறக்கல’

‘தண்ணி அழுத்திடுச்சு’

‘கூப்பிட்டா லைன் போகல. மெசேஜ் மட்டும் போச்சு. கைக்கு வந்த குரூப்ல போட்டேன்’

‘அப்புறம் நானே ஓட்டைப் பிரிச்சேன்’

‘அத்தையை முதுகுல கட்டிக்கிட்டு மேல ஏறினேன்’

‘விடிய விடிய கூரை மேல’

நாவுக்கரசு படித்தார். ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்தது. எல்லாம் மடக்கி மடக்கி வந்தது. பார்த்தால் கவிதையாகத்தான் இருந்தது. அவர் அப்படிப் பார்க்கவில்லை. அந்த அம்மாளின் முதுகு எவ்வளவு அகலம் இருக்கும், அந்த அத்தைக்கு எத்தனை வயது இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

‘மழை விடல’

‘பிடிக்க ஒண்ணும் இல்ல’

‘அத்தை’

அந்த ஒரு சொல்லோடு நின்றது. கீழே ஒன்றும் வரவில்லை.

நாவுக்கரசின் கட்டைவிரல் தன்பாட்டுக்குப் போயிற்று. ‘ஆ’ என்று ஓர் எழுத்துத்தான் தட்டினார். மிச்சத்தைப் போனே எடுத்துக் கொடுத்தது, ‘ஆழ்ந்த இரங்கல்’, பக்கத்தில் கூப்பிய கைகள். எத்தனையோ பேருக்கு அனுப்பிப் பழகிய போன். இனி ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

பவளம்மை தம் உள்ளங்கையை அந்தக் கட்டைவிரலின்மேல் வைத்தார்.

“இன்னும் எழுதுறாங்க.”

நாவுக்கரசு பார்த்தார். ஆமாம், அந்த அம்மாள் எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

‘அத்தை கூப்பிடுறாங்க. மருந்து குடுக்கணும்’

‘இருங்க. வந்து மிச்சம் சொல்றேன்’

நாவுக்கரசு தம் கட்டைவிரலைத் தனியாகத் தூக்கிப் பார்த்தார், யாருடையது என்று பார்க்கிறவர் மாதிரி. பிறகு அந்த ‘ஆ’வை அழித்தார்.

மஞ்சு ஒரு பக்கம் லேசாக விலகியது. கீழே எங்கோ ஒரு பஸ் வளைவில் திரும்புகிற சத்தம் கேட்டது. அதுதான் ஊருக்குப் போகிற கடைசி பஸ். நாவுக்கரசு அதைக் கேட்டார், எழுந்திருக்கப் பார்த்தார், எழுந்தால் டவர் போய்விடும் என்று மறுபடி உட்கார்ந்தார்.

“அம்மா, நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலியே. கேணியை என்ன செய்யட்டும்? மூடிடவா? அவங்களை எல்லாம் நான் என்னதான் செய்யுறது?”

பவளம்மை முந்தானையால் பாறையின் ஈரத்தைத் துடைத்து, அவர் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்.

“அந்தம்மா இருங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. இருங்க.”